இரத்தக் கணக்கும் ஊழும்

இரத்தத்தை எண்ணி ஒருவருடைய ஆயுளைச் சொல்லிவிட முடியுமா? வன்னியின் அரச ஆஸ்பத்திரிகளில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இருந்த காலம் முழுவதும் இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். சிலர் நேரே கேட்பார்கள். சிலர் பரிசோதனைத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். ஓய்வுபெற்று வற்றாப்பளையில் வீட்டோடு இருக்கிற இந்த நாட்களிலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெளிப்பார்வைக்கு அது மருத்துவக் கேள்வி. வேர் சமயத்தில் இருக்கிறது. எல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கிறதா, எழுதப்பட்டிருந்தால் அதை மனிதர் வாசிக்கலாமா, வாசித்தபின் என்ன செய்வது என்பதைத்தான் அவர்கள் என்னிடம் கேட்டார்கள்.

மீள்குடியேறிச் சில வருடங்களுக்குப் பின் வந்த ஒரு வயல்காரரை வைத்தே இதை யோசிக்கிறேன். நாற்பது வயது மட்டில் இருக்கும். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைகிறது, இடது விலாவுக்குக் கீழே பாரமாகக் கிடக்கிறது, இரவில் வேர்த்துக் கொட்டுகிறது என்று கிளினிக்குக்கு வந்தவர். எஃப்பிசி என்கிற முழு இரத்த எண்ணிக்கைக்கு எடுத்த இரத்தத்தில் வெண்குழியங்கள் மைக்ரோலீற்றருக்கு 2,00,000ஐத் தாண்டியிருந்தன. சுகதேகிகளில் இது 4,000 முதல் 11,000 வரை இருக்கும். குழாயைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தபோது செங்குழியங்களுக்கு மேலே வெண்படை தடித்து நின்றது. இரத்தப் பூச்சு எடுத்து, லீஷ்மன் சாயம் இட்டு, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். என்பு மச்சைக்குள்ளேயே இருந்து முதிர வேண்டிய குழியங்கள் எல்லாப் பருவத்திலும் வெளியே வந்து கலந்திருந்தன. பேசோபில்கள் கூடியிருந்தன. நாட்பட்ட மைலொயிட் லியூக்கீமியா என்ற சந்தேகத்தை எழுதி பிளட் பிக்சருக்கு மேலே அனுப்பினோம். நிறமூர்த்தப் பரிசோதனை பின்னர் அதை உறுதிப்படுத்தியது.

1845இல் பேர்லினில் விர்ஷோவும் எடின்பரோவில் பெனற்றும் இதே வெண்படையைக் கண்டார்கள். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோதுதான் அவர்கள் கண்டது. உயிரோடு முன்னால் இருக்கிற மனிதரின் விரற்கடை அளவு இரத்தத்தில் அதைக் கண்டு, அவருடைய வரும் வருடங்களைப் பற்றிப் பேசுவதற்கு மருத்துவத்துக்கு இன்னும் நெடுங்காலம் தேவைப்பட்டது.

அந்த வயல்காரரின் மனைவி முடிவு வாங்க வந்தபோது கேட்டார்: "மிஸ், உதில எவ்வளவு காலம் எண்டு போட்டிருக்கோ? மாமி சாத்திரியாரிட்டக் குறிப்புக் காட்டினவ. உயிர்க்கண்டம் ஒண்டு இருக்குதாம். அதுதானோ உதிலையும் கிடக்கு?"

சாதகக் குறிப்பையும் எஃப்பிசித் துண்டையும் அவர் ஒரே கையில் வைத்திருந்தார். இரண்டும் அவருக்கு ஒரே வகைத் தாள்கள். அவரைப் பேதை என்று யாரும் நினைக்க வேண்டாம். படித்தவர்களும் இரண்டையும் ஒன்றாகவே வாங்குகிறார்கள். ஆய்வுகூடத் தாளுக்குக் கூடுதல் பயம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சாத்திரியார் பிழைவிடலாம், மெஷின் பிழைவிடாது என்ற நினைப்பு. இந்த இரண்டு தாள்களும் அடிப்படையிலேயே வேறானவை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

துண்டில் இருக்கிற எண்களில் இருந்து எதிர்காலம் எப்படி எடுக்கப்படுகிறது? நாட்பட்ட மைலொயிட் லியூக்கீமியாவில் பெரிதாக எதுவும் வேண்டாம். நோயாளியின் வயது, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் எத்தனை சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது என்று வைத்தியர் கையால் தடவிப் பார்த்த அளவு, குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை, இரத்தத்தில் முதிராத குழியங்களின் வீதம் ஆகிய நான்கே போதும். 1984இல் சோக்கல் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிகிச்சை பெற்ற 813 நோயாளிகளின் கோவைகளைத் திரட்டி, இந்த நான்கையும் ஒரு சூத்திரத்தில் சேர்த்தார்கள். வருகிற மதிப்பெண் 0.8க்குக் குறைந்தால் இடர் குறைவு, 1.2ஐத் தாண்டினால் இடர் அதிகம், இடையில் நின்றால் நடுத்தரம். நோயைக் கண்டுபிடித்த முதல் நாளிலேயே, ஒரு துளி மருந்தும் கொடுக்க முன்பே இதைக் கணித்துவிடலாம்.

இதற்கு ஒன்பது வருடம் முந்தி, இதன் உறவான நாட்பட்ட லிம்போசைற்றிக் லியூக்கீமியாவுக்கு இன்னும் எளிய ஒரு வழியைக் காட்டியவர் நம்முடைய துணைக்கண்டத்தவர். ஜோத்பூரில் பிறந்து, அமெரிக்காவில் வேலை செய்த கான்ரி ராய். 1975இல் 125 நோயாளிகளை வைத்து அவர் படிநிலைகளை வகுத்தார். வெண்குழியம் மட்டும் கூடியிருந்தால் முதற்படி. நிணநீர்க்கணு வீங்கினால் அடுத்தது. மண்ணீரலோ ஈரலோ பெருத்தால் அதற்கும் அடுத்தது. ஈமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் நாலாவது, சிறுதட்டு 1,00,000க்குக் கீழே போனால் கடைசி. முதற்படியில் இருந்தவர்களில் பாதிப்பேர் 150 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். கடைசி இரண்டு படிகளிலும் பாதிப்பேருக்கு 19 மாதங்கள்தான் கிடைத்தன. ஒரு வைத்தியரின் கையும் எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய ஓர் இரத்தப் பரிசோதனையும் இவ்வளவு தூரம் பார்த்தன. உலகத்தில் வசதி குறைந்த எந்த மூலையிலும் இதைச் செய்யலாம் என்பது எனக்கு எப்போதும் மனநிறைவு தந்த விஷயம்.

இனி ஊழுக்கு வருகிறேன். வற்றாப்பளையில் பிறந்தவர்களுக்கு அது கண்ணகை அம்மனின் கதையோடு வருகிறது. மதுரையை எரித்த பின் அம்மாளாச்சி ஈழத்துக்கு வந்து, இடமிடமாகத் தங்கி, பத்தாவதாக நந்திக்கடலோரம் இங்கே அமர்ந்தாள் என்று எங்கள் பேத்திமார் சொல்லித் தந்தார்கள். கிழவி வடிவில் வந்தவளுக்கு மாட்டுக்காரப் பிள்ளைகள் எண்ணெய் இல்லாமல் கடல்நீரில் விளக்கேற்றிக் கொடுத்தார்கள் என்பதும் அந்தக் கதையில் உண்டு. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னால் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் அள்ளி, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரித்து, திங்கட்கிழமை வற்றாப்பளைக்குக் கொண்டுவருகிறார்கள். நான் அதை நம்புகிறேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்ததால் என் நம்பிக்கை குறையவில்லை.

சிலப்பதிகாரம் தன் நோக்கங்கள் மூன்றில் ஒன்றாக ஊழ்வினையை வைக்கிறது. பழம்பிறப்பில் செய்த வினை தேடிவந்து பிடிக்கும் என்பது அதன் பாடம். நான் சின்ன வயதில் இதை மட்டும்தான் கேட்டேன். சைவநெறிப் பாடத்தில் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையின் மூன்று வகைகளைப் படித்தபோதும் பிராரத்தம் மட்டும்தான் மனதில் தங்கியது, இந்த உடம்பு தின்று தீர்க்க வேண்டிய பங்கு என்று. பல வருடம் நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்த பிறகு காப்பியத்தின் கதையைத் திரும்ப யோசித்தபோது, அதில் இருந்த வேறொன்று தெரிந்தது.

கண்ணகியின் தகப்பன் மாநாய்கன் நடந்ததைக் கேட்டுத் தன் பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டு ஆசீவகர்களோடு போய்ச் சேர்ந்தான். எல்லாம் நியதிப்படி நடக்கிறது, மனித முயற்சியால் ஓர் அணுவும் அசையாது என்று சொன்னவர்கள் ஆசீவகர்கள். துயரத்தில் வெந்த ஒரு தகப்பனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். மகள் செய்தது வேறு. புருசன் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டதும் ஊழ் என்று அடங்கவில்லை. மற்றச் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரசவைக்குப் போனாள். அரசியின் சிலம்புக்குள் முத்து என்று அரசன் சொல்ல, தன் சிலம்புக்குள் மாணிக்கம் என்று எல்லாரும் பார்க்க உடைத்துக் காட்டினாள். பாண்டியன் செய்த குற்றமும் அந்த இடத்தில்தான் வெளிக்கிறது. அவன் ஆராயாமல் தீர்ப்புச் சொன்னான். ஒரு பொற்கொல்லனின் வாயை நம்பி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் ஓர் உயிரை எடுத்தான். பழம்பிறப்புக் கதையை மதுராபதித் தெய்வம் வந்து சொல்வது ஊர் எரிந்த பிறகு. ஊழ், எல்லாம் முடிந்த பின்னே வந்து விளக்கம் சொல்கிறது. சான்று முன்னே வருகிறது, நடவடிக்கை கேட்கிறது.

எங்கள் ஊரில் வீற்றிருக்கிற தெய்வம் சான்றைக் கையில் எடுத்த தெய்வம். இரத்தப் பரிசோதனைத் துண்டை எப்படி வாங்க வேண்டும் என்பதை அவளிடம் இருந்தே நான் கற்றுக்கொள்கிறேன். அதை ஊழாக வாங்கக்கூடாது, சான்றாக வாங்க வேண்டும்.

ஊழாக வாங்குவதற்கும் சான்றாக வாங்குவதற்கும் என்ன வேறுபாடு? சான்றைக் குறுக்கு விசாரணை செய்யலாம். முதற் கேள்வி, இது யாருடைய கணக்கு என்பது. சோக்கலின் மதிப்பெண் ஐரோப்பியரும் அமெரிக்கருமான 813 பேருக்கு நடந்ததன் சுருக்கம். நீங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரா? ஒரு மனிதர் ஒரே நேரத்தில் எண்ணற்ற கூட்டங்களைச் சேர்ந்தவர், எந்தக் கூட்டத்தில் வைத்து எண்ணினால் சரி என்பதற்கு முடிந்த முடிவான விடை இல்லை என்று ஆங்கிலத் தர்க்கவியலாளர் ஜோன் வென் 1866இலேயே எழுதினார். வன்னியில் அது எங்கள் கைக்கே தெரிந்த விஷயம்.

தொண்ணூறுகளில் இங்கே மண்ணீரல் பெருத்தவர்களை எண்ணி முடியாது. காரணம் மலேரியா. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து மலேரியாப் பூச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐரோப்பிய நோயாளியின் விலாவுக்குக் கீழே இறங்கிய மண்ணீரல் ஏறக்குறைய எப்போதும் லியூக்கீமியாவின் அளவையே சொல்லும். வன்னி நோயாளியின் மண்ணீரலில் எத்தனை சென்ரிமீற்றர் லியூக்கீமியாவுடையது, எத்தனை பழைய மலேரியாவுடையது? சூத்திரத்துக்கு அது தெரியாது. நாட்டில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல் பதியப்பட்டு, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்த பிறகுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது. இரத்தசோகையும் அப்படித்தான். ராயின் படிநிலையில் ஈமோகுளோபின் 11க்குக் கீழே இறங்குவது என்பு மச்சையை நோய் நிறைத்துவிட்டதன் அடையாளம். இங்கே இரும்புச்சத்துக் குறைந்து, 9இலும் 10இலும் நின்றபடியே வயலில் களை பிடுங்குகிற பெண்கள் எத்தனை பேர். காரணத்தை ஆராயாமல் அந்த எண்ணை அப்படியே படிநிலையில் போட்டால், பாண்டியன் சொன்ன மாதிரி ஒரு தீர்ப்பு வந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, பாதிப்பேர் இத்தனை மாதம் என்றால் மற்றப் பாதி எங்கே என்பது. இடையம் என்று பள்ளிக்கூடக் கணக்கில் படித்தோம். வரிசையில் நடுவில் நிற்பவரின் எண் அது. அமெரிக்கப் பரிணாமவியலாளர் ஸ்ரீபன் ஜே கூல்டுக்கு 1982இல் மெசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தபோது நூல்களில் போட்டிருந்த இடையம் எட்டு மாதம். அவர் எண்களோடு பழகியவர். எட்டு மாதத்துக்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள் என்றால் மிச்சப் பாதிப்பேர் அதற்கு அப்பால் நெடுந்தூரத்துக்குப் பரந்து கிடக்கிறார்கள் என்பதைக் கண்டார். வயதும் மனநிலையும் கிடைத்த சிகிச்சையும் தன்னை அந்தத் தூரத்தில் வைக்கக்கூடும் என்று எண்ணினார். இருபது வருடம் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டாவது மாதத்தில் சாவு என்று அந்தத் தாளில் எங்குமே எழுதியிருக்கவில்லை, அவர் அதைச் சரியாக வாசித்தார் என்பதையே சொல்கிறேன்.

மூன்றாவது கேள்விதான் ஊழின் வேரைத் தொடுகிறது. இந்தக் கணக்கு எந்தக் காலத்து மருந்தை வைத்து எடுக்கப்பட்டது? சோக்கல் எண்ணிய நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது புசல்பான் போன்ற பழைய மருந்துகள். அவை எண்ணிக்கையைக் குறைக்கும், நோயின் போக்கை மாற்றா. அந்தக் காலத்தில் பாதிப்பேர் மூன்று முதல் ஐந்து வருடங்களுக்குள் போய்விட்டார்கள். ஆனால் நோயின் காரணத்தைத் தேடிய வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1960இல் பிலடெல்பியாவில் நோவெல்லும் ஹங்கர்போர்ட்டும் இந்த நோயாளிகளின் குழியங்களில் சிறுத்துப்போன ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டார்கள். 1973இல் சிக்காகோவில் ஜனற் ரௌலி, 9ஆம் நிறமூர்த்தமும் 22ஆம் நிறமூர்த்தமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று காட்டினார். அந்த மாற்றத்தால் பிறக்கும் ஒரு புரதம் ஓயாமல் வேலை செய்து வெண்குழியங்களைப் பெருக்குகிறது. அதைக் குறிவைத்து அடக்குகிற இமற்றினிப் என்ற குளிசையை 1998இல் பிரையன் ட்ரக்கர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தக் குளிசையோடு தொடங்கிய நோயாளிகளில் பத்து வருடம் கழித்து 83.3 வீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் என்று 2017இல் வெளிவந்த ஆய்வு சொல்லியது.

அதே வயது, அதே மண்ணீரல், அதே சிறுதட்டு, அதே மதிப்பெண். 1984இல் அது சொன்ன காலம் வேறு, இன்று சொல்கிற காலம் வேறு. இன்றும் மதிப்பெண் கூடியவர்களுக்கு இடர் கூடத்தான். அதனால்தான் 2016இல் இமற்றினிப் காலத்துக்கென்று அதே நான்கு அளவுகளுக்கு வேறு நிறை கொடுத்துப் புதிய சூத்திரம் செய்தார்கள். மருந்து மாறினால் பொருள் மாறுகிற ஒன்றை ஊழ் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஊழுக்கு இலக்கணமே மாறாமை.

அந்த வயல்காரரின் மனைவிக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன். "குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டு பாத்துத்தானே தங்கச்சி சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் எண்டு கூட்டத்தில தீர்மானிக்கிறியள்? தண்ணி குறைவெண்டால் ஒருத்தரும் விதைக்கிறேல்லையோ?" அவர் சொன்னார்: "குறைய விதைப்பம். இல்லாட்டி உழுந்து போடுவம்." அதுதான் இந்தத் துண்டும் என்றேன். எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும், என்ன விதைப்பது என்பதை நாங்கள் தீர்மானிக்க வேண்டும்.

அதன் பின் அவர் மெல்லிய குரலில் கேட்டது எல்லாக் குடும்பமும் கேட்பது. "இவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ மிஸ். மனம் உடைஞ்சு போவார்." அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது சரியா என்ற கேள்வியும் துண்டை எப்படி வாங்குகிறோம் என்பதிலேயே தங்கியிருக்கிறது. துண்டில் இருப்பது ஊழ் என்றால் மறைப்பது கருணை, தெரிந்து என்ன பயன்? துண்டில் இருப்பது சான்று என்றால் அது அவருக்குச் சொந்தம். குளிசை விழுங்கப்போகிறவர் அவர். அவருடைய வழக்கை அவருக்குத் தெரியாமல் நடத்த முடியாது.

இதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வைச் சொல்லலாம். லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் இமற்றினிப் எடுத்துக்கொண்டிருந்த 87 பேருக்கு, மூடி திறக்கும் ஒவ்வொரு தரமும் பதிவாகும் நுண்கருவி வைத்த போத்தல்களில் குளிசையைக் கொடுத்து மூன்று மாதம் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது. பத்துக்கு ஒன்றுக்கு மேல் தவறவிட்டவர்களில் நோய் ஆழமாக அடங்கியவர்கள் சிலரே. ஒழுங்காக எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அடங்கியது. இரண்டு வருடம் கழித்து இன்னொன்றும் சொன்னார்கள்: சிகிச்சை தொடங்கி மூன்றாம் மாதத்தில் நிறமூர்த்த மாற்றத்தால் வந்த பிழையான மரபணுவின் அளவு 10 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டதா என்பது பின்னால் வரும் வருடங்களை நன்றாக எதிர்வுகூறுகிறது. முதல் நாள் இரத்தம் சொன்னதை விட, மூன்று மாதம் தன் கையால் குளிசை எடுத்த மனிதரின் இரத்தம் கூடுதலாகச் சொல்கிறது.

சைவநெறிப் பாடத்தில் நான் கவனிக்காமல் விட்டிருந்த ஆகாமியம் இங்கேதான் இருக்கிறது. வந்து சேர்ந்தது பிராரத்தம், சரி. இப்போது செய்கிறது ஆகாமியம். நம் சமயம் முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அது ஆசீவகமாகப் போயிருக்கும். வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்து அதனிலும் வலியது எது என்று கேட்டார், பிறகு ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்து, சலியாமல் முயல்கிறவர் ஊழையும் புறங்காண்பார் என்றார். இரண்டையும் ஒரே நூலில் வைத்தது முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். லியூக்கீமியாக் கிளினிக்கில் வரிசையில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே நாளில் வாழ்கிறார்கள். நோய் வந்ததில் அவர்களுக்குக் கை இல்லை. காலையில் குளிசை எடுப்பதில் உண்டு.

இங்கே ஒரு கடுமையான உண்மையையும் சொல்ல வேண்டும். குளிசை எடுக்கக் கை இருந்தும் குளிசை இல்லாவிட்டால்? அந்த மருந்துக்கு இந்தியாவில் மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபா விலை சொல்லப்பட்ட காலம் உண்டு. அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 8,000 ரூபா அளவில் செய்தன. காப்புரிமை கேட்ட மனுவைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது, மேன்முறையீடுகள் நடந்து, 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மலிவான குளிசை தொடர்ந்து கிடைத்தது. எத்தனையோ ஏழைகளின் துண்டில் இருந்த எண்ணின் பொருளை ஒரு நீதிமன்றத் தீர்ப்பு மாற்றியது. இங்கே 2022இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பாடானபோது அதே எண் மறுபடி பயங்கரமாக மாறியது. கிளினிக்குக்குப் போக பஸ் இல்லை, போனாலும் மருந்து இருக்குமோ தெரியாது. அன்று குளிசை தவறிய ஒருவருக்கு நோய் முற்றினால் அதை விதி என்று சொல்வதா?

நாங்கள் வன்னிச் சனம் விதி என்ற சொல்லை மிகுந்த விலை கொடுத்துக் கற்றவர்கள். 2009 மாசியில் இருந்து வைகாசி வரை இந்த நந்திக்கடலைச் சுற்றிப் போரில் இறந்தவர்களின் இரத்தத்தை எந்த நுணுக்குக்காட்டியில் பார்த்திருந்தாலும் அவர்கள் சாகப்போகிறார்கள் என்று ஓர் எண்ணும் சொல்லியிருக்காது. சுகமான பிள்ளைகளின் சுகமான இரத்தம். பிறகு மிஞ்சியவர்கள் ஒருவரை ஒருவர் தேற்ற விதி என்று சொன்னார்கள். தேற்றுகிற வாய்க்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது, நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதையே தீர்ப்பாக எழுதிவிட்டால் செய்த கைகள் எல்லாம் கழுவப்பட்டுவிடும். கோவலன் செத்தது ஊழ் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது, அரசன் பிழை செய்தான் என்றும் சொல்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கவில்லை. கண்ணகி அரசவைக்குப் போகாமல் இருந்திருந்தால் ஊழ் மட்டும் மிஞ்சியிருக்கும். நாம் ஊழ் என்று சொல்லிக் கடந்துபோகிறவற்றில் பெரும் பங்கு யாரோ செய்யாமல் விட்ட கடமை.

அப்படியானால் மாற்ற முடியாதது ஒன்றுமே இல்லையா? உண்டு. எல்லா மருந்தும் கொடுத்தும் சிலரின் நோய் கடுமையாகிறது. சிறுதட்டு விழுகிறது, முதிராத குழியங்கள் ஏறுகின்றன, அடுத்த துண்டை எழுதும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் எண்ணுக்கு இனிக் கேட்க ஒன்றும் இல்லை. அங்கேதான் நான் அம்மாளாச்சியின் காலில் விழுகிறேன். விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்து, செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்தபின் விழுவது வணக்கம். ஒன்றும் செய்யாமல் முதலிலேயே விழுந்து கிடப்பதை அவள் ஏற்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வயல்காரருக்கு உண்மையைச் சொன்னது வைத்தியர். மனம் உடைந்துபோகவில்லை என்று சொல்ல மாட்டேன், சில கிழமைகள் யாரோடும் பேசவில்லையாம். பிறகு கிளினிக் கொப்பியைத் தானே வாங்கி ஒவ்வொரு எண்ணையும் கேட்கத் தொடங்கினார். வெண்குழியம் 8,000க்கு இறங்கிய துண்டை எனக்குக் கொண்டுவந்து காட்டினார். மாமியார் வைத்த நேர்த்திக்கு வைகாசியில் பொங்கினார்கள். குளிசையா நேர்த்தியா எது காப்பாற்றியது என்று என்னை யாராவது கேட்டால் அந்தக் கேள்வியே பிழை என்பேன். நேர்த்தி அவரை வாழ விரும்ப வைத்தது, குளிசை நோயை அடக்கியது, எண்கள் இரண்டுக்கும் சாட்சியாக நின்றன.

இப்போதும் ஊரில் யாருக்காவது துண்டில் பயப்படும் எண் வந்தால் வீடு தேடி வருகிறார்கள். நான் மூன்று விஷயம் கேட்கச் சொல்கிறேன்: இது யாரை எண்ணி எடுத்த கணக்கு, எந்த மருந்துக் காலத்துக் கணக்கு, இதைப் பார்த்து இனி நான் செய்ய வேண்டியது என்ன. மூன்றாவதுக்கு விடை சொல்லாத எந்த எதிர்வுகூறலையும், அது சாத்திரியாரின் வாயில் இருந்து வந்தாலும் வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடம் இருந்து வந்தாலும், வாங்க வேண்டாம் என்கிறேன். அதன் பின் சொல்வது இதுதான்: அம்மாளாச்சிக்கு நேர்ந்து நூலும் கட்டுங்கோ, குளிசையும் ஒரு நாளும் விடாமல் போடுங்கோ, அடுத்த எஃப்பிசிக்குச் சொன்ன திகதியில போங்கோ.